அத்தியாயம் 6: சமையலறை மிச்சத்தில் மின்சாரம் – மண்பானை மின்கலம் கட்டுவதும் அளப்பதும்

சென்னை நந்தனம் சிக்னலைச் சுற்றிக் கல்லூரிகள், மாணவர் விடுதிகள், அரசு அலுவலகங்கள், குடியிருப்புகள், மெஸ்கள் என்று அடுப்பெரியும் இடங்களுக்குக் குறைவில்லை. ஜனவரியில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் அங்குள்ள உணவுக் கடைகளின் மிச்சமும் சேர்ந்துகொள்ளும். வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், இலையில் மிஞ்சிய சோறு எல்லாம் முன்பு கழுநீர்ப் பானைக்குப் போய் மாட்டுக்குத் தீவனமாயின. மாடும் பானையும் போனபின் அந்த மிச்சங்கள் பிளாஸ்டிக்கோடு கலந்து குப்பை லாரியில் ஏறின. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் நிரம்பின.

அந்த மிச்சத்தில் இருக்கும் ஆற்றலை நேரடியாக மின்சாரமாக எடுக்கும் கருவிதான் நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம். கல்லூரி ஆய்வகத்திலோ குடியிருப்பின் மாடிப்படி அடியிலோ வைக்கக்கூடிய ஒரு மண்பானைக் கலனைக் கட்டுவது, அதற்குத் தீனி கொடுப்பது, அது தரும் மின்சாரத்தை நேர்மையாக அளப்பது ஆகிய மூன்றையும் இந்த அத்தியாயம் சொல்லும். மூன்றாவதுதான் முக்கியம். கட்டுகிறவர்கள் நிறைய. அளக்கிறவர்கள் குறைவு. இந்தத் தொழில்நுட்பம் நம் ஊரில் கண்காட்சி மேசையைத் தாண்டி வர வேண்டுமானால் அளவு சரியாக இருக்க வேண்டும்.

பானைக்குள் என்ன நடக்கிறது

நாம் மூச்சு விடுவதும் அடிப்படையில் எலெக்ட்ரான் பரிமாற்றம்தான். உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த எலெக்ட்ரான்களை உடலுக்கு வெளியே, இரும்புத் துரு போன்ற திடப்பொருளிடம் தள்ளிவிடும். அவற்றுள் ஒன்றான ஜியோபாக்டரை 1987-ல் அமெரிக்காவின் பொடோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி கண்டெடுத்தார். துருவுக்குப் பதிலாக ஒரு கார்பன் துண்டை வைத்தால் அதனிடமும் இவை எலெக்ட்ரானைக் கொடுக்கும். அந்தத் துண்டுதான் ஆனோடு. எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக வெளியே ஓடி, காற்று படும் இன்னொரு கார்பன் துண்டான கேத்தோடை அடைகின்றன. ஹைட்ரஜன் அயனிகள் பானையின் மண்சுவர் வழியே ஊர்ந்து அதே இடத்துக்கு வருகின்றன. அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன.

ஜியோபாக்டர் சோற்றை நேரடியாகத் தின்னாது. முதலில் நொதிக்கும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தை உடைத்து அசிட்டிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களாக்கும். அவற்றைத்தான் மின்சாரம் தரும் பாக்டீரியாக்கள் தின்னும். முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது நிதானமானது. இந்த வேக வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் தீனி போட வேண்டும். தொடக்கத்தில் கட்டப்படும் பெரும்பாலான கலன்கள் கெடுவது இங்கேதான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

உயிரிகளிடமிருந்து மின்சாரம் வரும் என்பதை 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். சி. பாட்டர் காட்டிவிட்டார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் வீட்டுக்கு வீடு இது வராததற்குக் காரணம், அளவு சிறியது என்பதே.

ஒரு கிலோ ஈரமான உணவுக் கழிவை முழுவதும் ஆக்சிஜனேற்றம் செய்ய ஏறத்தாழ 250 கிராம் ஆக்சிஜன் தேவை என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக சி.ஓ.டி., என்கிறார்கள். ஒரு கிராம் சி.ஓ.டி.க்குள் 3.35 ஆம்பியர்-மணி மின்னூட்டம் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு சுமார் 840 ஆம்பியர்-மணி. கலன் 0.4 வோல்ட்டில் ஓடினால் 335 வாட்-மணி, அதாவது மூன்றில் ஒரு யூனிட். இது ஏட்டுக் கணக்கு. நடப்பில் இதில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமாக வந்தால் அது நல்ல கலன். முதன்முதலாகக் கட்டும் பானையில் நூற்றில் ஒரு பங்கு வந்தாலே தொடக்கம் சரி.

அதே ஒரு கிலோவைச் சாண எரிவாயுக் கலனில் போட்டால் சுமார் 80 லிட்டர் வாயு கிடைக்கும். எரித்தால் ஏறத்தாழ அரை யூனிட் வெப்பம். ஜெனரேட்டரில் விட்டாலும் எட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தேறும். கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவுக்காக நாளொன்றுக்கு 30 டன் கொள்ளளவில், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு நிறுவப்பட்ட மின் நிலையம் இந்த எரிவாயு வழியில்தான் அமைந்தது. ஆகவே கேன்டீன் கழிவு முழுவதையும் தீர்க்க நினைப்பவர்கள் முதலில் எரிவாயுக் கலனுக்குப் போங்கள். நுண்ணுயிர் மின்கலத்தின் இடம் வேறு. எரிவாயுவுக்கு உதவாத நீர்த்த கழுவல் தண்ணீரைச் சுத்தப்படுத்துவது, மிகச் சிறிய கருவிகளை ஓட்டுவது, தண்ணீரின் மாசை உணர்ந்து சொல்வது ஆகியவை இதன் வேலை.

ஏன் மண்பானை

கலனின் இரண்டு பக்கத்தையும் பிரிக்க ஆய்வகங்களில் நாஃபியான் என்ற சவ்வைப் பயன்படுத்துவார்கள். விலை அதிகம், உணவுக் கழிவில் சீக்கிரம் அடைத்தும் கொள்ளும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம். எம். காங்ரேகர் குழுவினர் அரிசி ஆலைக் கழிவுநீரைக் கொண்டு சவ்வுக் கலனையும் மண்பானைக் கலனையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் மண்பானையே முந்தியது. மெருகு பூசாத சுட்ட மண்ணின் நுண்துளைகள் அயனிகளை விடும், காற்றை எளிதில் விடாது.

கேத்தோடைத் தண்ணீர் வாளியில் வைத்து மீன்தொட்டிப் பம்பால் காற்று ஊதும் முறை பல செய்முறைக் குறிப்புகளில் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு வாட் பம்பு, பானை தரும் மின்சாரத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு தின்னும். திறந்த வாளித் தண்ணீர் சென்னையில் டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். பானையின் வெளிச்சுவரிலேயே கேத்தோடைச் சுற்றிக் காற்றுப் பட விடுவதே நம் ஊருக்கு ஏற்றது.

வாங்க வேண்டியவை

- ஒரு லிட்டர் மண்பானை, மூடியோடு இரண்டு. மெருகோ பெயின்டோ இருக்கக் கூடாது. கோடைக்காலத்தில் சாலையோரத்தில் கிடைக்கும். கொசப்பேட்டையில் குயவர்களிடம் சொல்லியும் வாங்கலாம். தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்தால் வெளியே வியர்க்க வேண்டும், ஒழுகக் கூடாது.
- கார்பன் ஃபெல்ட். ஒரு பானைக்கு உள்ளே 20 × 10 செ.மீ. துண்டு ஒன்று, வெளியே சுற்றி வரும் அளவுக்கு இன்னொன்று.
- எவர்சில்வர் கம்பி, எவர்சில்வர் வலை. காந்தம் ஒட்டாத 304 அல்லது 316 ரகம்.
- தூளாக்கிய ஆக்டிவேட்டட் கார்பன்.
- சலைன் டியூப், 50 மில்லி சிரிஞ்ச், எம்-சீல்.
- மல்டிமீட்டர், 10,000 முதல் 100 ஓம் வரையிலான ரெசிஸ்டர்கள். ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும்.
- பிஹெச் தாள், சமையல் சோடா, கையுறை.

செம்பு, துத்தநாகம், அலுமினியம், ஆணி எதுவும் பானைக்குள் போகக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டும் முறை

1. இரண்டு பானைகளையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

2. கார்பன் ஃபெல்ட் புதிதில் தண்ணீரை ஒட்டவிடாது. பாத்திரம் துலக்கும் சோப்பு சில துளி விட்ட வெந்நீரில் அரை மணி நேரம் அழுத்தி ஊறவைத்து, நுரை போகும்வரை அலசுங்கள். தண்ணீரில் போட்டதும் மூழ்கினால் தயார்.

3. உள் துண்டில் எவர்சில்வர் கம்பியைத் தையல் போல ஐந்தாறு இடங்களில் ஊடுருவ விட்டு, மறுமுனையை மூடியின் துளை வழியே வெளியே எடுங்கள். செம்புக் கம்பியோடு இணைப்பு மூடிக்கு மேலே, உலர்ந்த இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

4. ஆக்டிவேட்டட் கார்பன் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பானையின் வெளிச்சுவரில் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். அதன்மேல் இரண்டாவது ஃபெல்ட்டைச் சுற்றி, எவர்சில்வர் வலையால் இறுக்கிக் கட்டுங்கள். மண்சுவருக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் அயனி தாண்டாது. விரலால் அழுத்திப் பார்த்தால் எங்கும் ஈரம் தெரிய வேண்டும்.

5. மூடியில் இன்னும் இரண்டு துளைகள். ஒன்று தீனி ஊற்ற. அதை எப்போதும் கிளிப் போட்டு மூடி வையுங்கள். மற்றது வாயு வெளியேற. அதன் டியூப் நுனி ஒரு சிறு புட்டித் தண்ணீரில் முங்கியிருக்கட்டும். வாயு போகும், காற்று வராது. புட்டி வாயைத் துணியால் கட்டுங்கள். பானையை ஒருபோதும் வழியில்லாமல் அடைக்காதீர்கள்.

6. விதைப்பு: 100 கிராம் பசுஞ்சாணத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். எரிவாயுக் கலன் இருக்கும் இடத்தில் அதன் கழிவுக் கரைசல் இன்னும் நல்லது. அடையாற்றுச் சேற்றில் இந்த பாக்டீரியாக்கள் நிறையவே இருக்கும். ஆனால் சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஓடும் நீரில் சாக்கடை கலந்திருக்கிறது. அங்கே இறங்கிச் சேறு அள்ள மாணவர்களை அனுப்பாதீர்கள்.

7. தீனி: 100 கிராம் சோறு, காய்கறித் தோல் கலவையை ஒரு லிட்டர் தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, இரண்டு நாள் மூடி வைத்துப் புளிக்க விட்டு, வடிகட்டுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். ஊறுகாய், எலுமிச்சை, எலும்பு வேண்டாம். சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஹெச் 7-க்குக் கொண்டுவாருங்கள்.

8. சாணக் கரைசல் பாதி, தீனி பாதி என்று கலந்து கழுத்துவரை நிரப்பி, மூடியின் விளிம்பை எம்-சீல் போட்டு அடையுங்கள். ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே 1,000 ஓம் ரெசிஸ்டரை இணைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் சில நாட்கள் மீட்டரில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே மில்லிவோல்ட் மெல்ல ஏறும். நிலைபெற ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். சென்னையின் 28–35 டிகிரி வெப்பம் இதற்கு நல்ல அனுகூலம். குளிர்நாடுகளில் கலனைச் சூடேற்றச் செலவிடும் ஆற்றல் நமக்கு மிச்சம். நிலைபெற்ற ஆனோடை எடுத்துப் பார்த்தால் கறுப்பு இழைகளின் மேல் வழவழப்பான மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். மின்சாரம் தருவது அந்தப் படலம்தான். அதைக் கழுவிவிடாதீர்கள்.

குறைவாகப் போட்டால் அதிகம் வரும்

ஐதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எஸ். வெங்கட மோகன் குழுவினர் காய்கறிக் கழிவையும், பிறகு கேன்டீன் உணவுக் கழிவையும் ஒற்றை அறை மின்கலங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். காய்கறிக் கழிவைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு ஆய்வில் அவர்கள் மூன்று அளவுகளில் தீனி கொடுத்தார்கள். ஆனோடின் ஒரு சதுர மீட்டருக்கு 57 மில்லிவாட் என்ற உச்சம், மிகக் குறைந்த தீனியில்தான் கிடைத்தது.

தீனி அதிகமானால் நொதிக்கும் கூட்டம் அமிலத்தைக் கொட்டிவிடும். பிஹெச் 5-க்கு இறங்கும். மின்சாரக் கூட்டம் முடங்கிவிடும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை 100 மில்லி எடுத்துவிட்டு 100 மில்லி ஊற்றினால் போதும். எடுத்த நீரின் பிஹெச்சை அப்போதே பாருங்கள். 6.5-க்குக் கீழே போனால் அடுத்த தீனியை நிறுத்திவிட்டு, சமையல் சோடா இரண்டு கிராம் கரைத்து விடுங்கள்.

அளப்பது

ரெசிஸ்டர் இல்லாமல் மல்டிமீட்டரை மட்டும் வைத்தால் 0.6 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து யாரும் மகிழ வேண்டாம். அந்த நேரத்தில் கலன் எந்த வேலையும் செய்யவில்லை. சுமை கொடுத்தபின் நிற்கும் மின்னழுத்தம்தான் கணக்கு. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் வரும்.

10,000, 4,700, 2,200, 1,000, 470, 220, 100 ஓம் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் காத்திருந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு:

- 1,000 ஓமில் 0.40 வோல்ட்: 0.16 மில்லிவாட்
- 470 ஓமில் 0.31 வோல்ட்: 0.20 மில்லிவாட்
- 220 ஓமில் 0.19 வோல்ட்: 0.16 மில்லிவாட்

இங்கே உச்சம் 470 ஓமில். கலனின் உள்தடையும் அதற்கு அருகில்தான் என்பது இதன் பொருள். இனி அந்த ரெசிஸ்டரையே நிரந்தரமாக மாட்டுங்கள். உள்துண்டின் பரப்பு 0.02 சதுர மீட்டர் என்பதால் இது சதுர மீட்டருக்கு 10 மில்லிவாட். ஐதராபாத் அளவில் ஆறில் ஒரு பங்கு. எங்கே நிற்கிறோம், எவ்வளவு தூரம் போகலாம் என்பது இப்போது தெளிவு.

0.2 மில்லிவாட்டை ஒரு நாள் முழுக்கச் சேர்த்தால் 17 ஜூல். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு விநாடிக்குள் இதைத் தீர்த்துவிடும். இந்த எண்ணை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை அளவு தெரிந்த பிள்ளைதான் அதை இரட்டிப்பாக்க வழி தேடும்.

பாக்டீரியாவா, உலோகமா

பள்ளிக் கண்காட்சிகளில் வாழைத்தண்டு, அழுகிய பழம், மிஞ்சிய சாம்பார் எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது. அருகில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் துத்தநாகம். அங்கே கரைந்து மின்சாரம் தருவது துத்தநாகம். உணவு வெறும் உப்புக் கரைசலாக நிற்கிறது. எலுமிச்சையில் ஆணி குத்துவதும் அதுவும் ஒன்றே. அதைக் கழிவிலிருந்து மின்சாரம் என்று பரிசு கொடுப்பது, உழைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

உண்மையைப் பிரித்தறிய மூன்று சோதனைகள்:

முதலாவது, நேரம். உலோகம் தொட்ட உடனே ஒரு வோல்ட்டுக்கு அருகில் காட்டும், நாள்பட இறங்கும். உயிர்க்கலன் பூஜ்யத்தில் தொடங்கி நாட்கணக்கில் ஏறும்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்கு ஓர் இணைப்பானை. இரண்டாவது பானையை அதே பொருட்களால் கட்டி, சாணம் சேர்க்காமல், பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து ஆறிய தீனியை மட்டும் ஊற்றுங்கள். முதல் பானை நிலைபெற்ற பிறகு இதைத் தொடங்கி, அடுத்த மூன்று நாள் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டினால் மின்சாரம் பாக்டீரியாவிடமிருந்து வரவில்லை.

மூன்றாவது, பட்டினி. தீனியை நிறுத்துங்கள். உயிர்க்கலனின் மின்னழுத்தம் சில நாட்களில் சரியும். மீண்டும் ஊற்றினால் எழும். இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கி மாட்டுங்கள். அதைவிட நல்ல சான்று வேறில்லை.

கோளாறும் தீர்வும்

- *மூன்று வாரமாகியும் ஏறவில்லை:* மூடியில் காற்றுக் கசிவு பாருங்கள். கம்பிக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையே தடையை மீட்டரால் அளவிடுங்கள்.
- *குமிழி நிறைய, மின்சாரம் குறைவு:* தீனி மீத்தேனாகப் போகிறது. தீனியைக் குறைத்து, ரெசிஸ்டரை ஒரு படி இறக்குங்கள்.
- *மே மாதம் மதியத்தில் சரிவு:* வெளி ஃபெல்ட் காய்ந்திருக்கும். தண்ணீர் தெளியுங்கள்.
- *வெளியே வெள்ளைப் பொருக்கு:* உப்புப் படிவு. நீர்த்த வினிகரால் துடைத்துக் கழுவுங்கள்.
- *அழுகிய முட்டை நாற்றம்:* ஹைட்ரஜன் சல்ஃபைடு. இது நச்சு வாயு. ஜன்னலைத் திறந்து, பருப்பும் முட்டையும் தீனியில் சேராமல் பாருங்கள்.

பானை நிற்கும் தட்டில் தேங்கும் நீரைத் தினமும் கொட்டிவிடுங்கள். வாயு டியூப் அருகே தீக்குச்சி வேண்டாம். கையுறை இல்லாமல் கரைசலைத் தொடக் கூடாது. வெளியே எடுத்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் உரக்குழியில் ஊற்றுங்கள்.

எதற்குப் பயன்படுத்தலாம்

நான்கு பானைகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடும். ஆனால் ஒன்று பட்டினி கிடந்தால் மற்றவை அதைத் தலைகீழாக ஓட்டிக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில் தீனி கொடுங்கள். இணையாக இணைத்து, பூஸ்ட் கன்வர்ட்டர் மூலம் ஒரு மின்தேக்கியில் சேமிப்பது இன்னும் பத்திரம். எல்.சி.டி. மேசைக் கடிகாரம் ஒன்றை இப்படித் தொடர்ந்து ஓட்டலாம். 2008-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் ஆற்றுப்படுகைச் சேற்றில் புதைத்த இத்தகைய கலனால் ஒரு வானிலை மிதவையை இயக்கிக் காட்டினார்கள். 2015-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் சிறுநீரைத் தீனியாக்கிக் கழிப்பறை விளக்கை எரியவைத்தார்கள்.

நந்தனத்துக்கு இன்னும் பொருத்தமான பயன் ஒன்று உண்டு. தண்ணீரில் மாசு கூடினால் மின்னோட்டமும் கூடும் என்பதால் கலனையே மாசுமானியாக வைக்கலாம்; கொரிய ஆய்வாளர்கள் இந்த வழியில் கருவிகள் செய்திருக்கிறார்கள். குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஒரு பானை இரவும் பகலும் காவல் காக்க முடியும். நல்ல வேதியியல் துறை உள்ள கல்லூரி இதை ஒரு பருவத் திட்டமாக எடுக்கலாம்.

பதிவேடு

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் தங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்றன. அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் நாளை உங்களிடம் வந்து இது ஓடுமா என்று கேட்பார்கள். அவர்களுக்குக் காட்ட ஒவ்வொரு பானைக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, வெப்பநிலை, ஊற்றிய தீனி, உள்ளேயும் வெளியேயும் பிஹெச், ரெசிஸ்டரின் அளவு, அதன் குறுக்கே மின்னழுத்தம், இணைப்பானையின் அளவு ஆகியவை தினமும் ஒரு வரியில் அடங்கும். மாதம் ஒருமுறை தீனியிலும் வெளிநீரிலும் சி.ஓ.டி. பார்த்தால், எவ்வளவு சுத்தமாயிற்று, அதில் எத்தனை பங்கு மின்னோட்டமாயிற்று என்ற இரண்டும் தெரியும்.

முடிவைச் சொல்லும்போது சுமையோடு அளந்த மில்லிவாட், ஆனோடின் பரப்பு, ஓடிய நாட்கள், இணைப்பானையின் அளவு ஆகிய நான்கும் இல்லாமல் வோல்ட்டை மட்டும் சொல்லாதீர்கள். இந்த நான்கும் இருந்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்தே தங்கள் வேலையைத் தொடங்க முடியும்.